ஒரு பொதிக்கு எத்தனை லாச்சி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கட சனசமூக நிலையத்தின் வாசிகசாலை மேசையைச் சுற்றியிருந்து நாங்கள் ஐந்து பேர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சண்டை பிடித்தோம். பத்திரிகை வாசிக்க வந்த ஐயா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன பிள்ளையள், காணிப் பிரச்சினையோ?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. ஒருவிதத்தில் காணிப் பிரச்சினைதான். ஒரு மென்பொருள் எந்தப் பிரிவுக்குள் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

கதை இதுதான். நிலையத்துக்கு ஆறு பழைய கணினிகள் கிடைத்தன. விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்குகிற வயது. ஆகவே டெபியன் லினக்ஸ் போட்டோம். அங்கே இணையம் என்றால் யாராவது ஒருவருடைய போனில் இருந்து வருவதுதான். டேற்றா முடிந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் தேவைப்படும் என்று நினைத்த மென்பொருள்களை ஒரு வன்தட்டில் இறக்கி, ஆறு கணினிகளும் அதிலிருந்தே நிறுவிக்கொள்ளும்படி சின்னக் களஞ்சியம் ஒன்றைக் கட்டினோம். என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். பிரிவுகளை நாங்கள் யோசிக்கவில்லை. டெபியன் எப்படிப் பிரித்திருந்ததோ அப்படியே எடுத்தோம். பெரியாக்கள் செய்தது பிழைக்காது என்ற நம்பிக்கை.

ஏ.எல் படிக்கிற தங்கச்சி ஒருத்தி நிலையத்தின் பழைய ஆண்டு மலர்களை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னேரங்களில் வந்து, மூன்று கிழமையில் நாற்பது பக்கத்துக்கு மேல் அடித்து முடித்திருந்தாள். கை வலிக்குது என்று ஒருநாள் சொன்னபோதுதான் எங்களில் ஒருவருக்கு உறைத்தது: ஸ்கான் செய்த பக்கத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றித் தருகிற டெசராக்ட் என்ற மென்பொருள், அதற்கான தமிழ்த் தரவோடு, எங்கட வன்தட்டில் ஏற்கெனவே கிடந்தது. சுவரில் ஒட்டிய பட்டியலிலும் இருந்தது. "வரைகலை" என்ற தலைப்பின் கீழ், படம் கீறுகிற மென்பொருள்களுக்கு நடுவில். டெபியன் அதை அங்கேதான் வைத்திருக்கிறது. அவள் அந்தத் தலைப்பைப் பார்த்திருக்கிறாள். "நான் படம் கீறப் போறதில்லையே அண்ணா, பிறகேன் அதுக்குள்ள தேடுவன்?"

அவளிடம் பிழையில்லை. டெபியனில் அதை அங்கே வைத்தவரையும் முற்றாகக் குறை சொல்ல ஏலாது; டெசராக்ட் உள்ளே வாங்குவது படத்தைத்தான். அப்படியென்றால் எங்கே வைப்பது? ஒருவர் "தமிழ்" என்று தனிப் பிரிவு வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் ஆங்கிலப் புத்தகத்தை ஸ்கான் பண்ணுகிறவன் எங்கே தேடுவான் என்று இன்னொருவர் கேட்டார். ஆவணம், கல்வி, அலுவலகம் என்று ஆளுக்கொரு பெயர். அந்தச் சண்டைக்குள்தான் ஐயா வந்தார்.

லினக்ஸ் பாவிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறோம். லினக்ஸில் ஒரு மென்பொருளை அதன் கோப்புகள், விவரக்குறிப்பு, அது வேறு எவற்றில் தங்கியிருக்கிறது என்ற பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். அதுதான் பொதி. பொதிகள் எல்லாம் கிடக்கிற இடம் களஞ்சியம். போனில் இருக்கிற பிளே ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே விளம்பரமும் இல்லை, விலையும் இல்லை, கட்டி வைப்பவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள். 2025 ஆகஸ்ட்டில் வெளியான டெபியன் 13இல் 69,830 பொதிகள். ஒரு நாளைக்குப் பத்துப் பொதி என்று விவரம் வாசித்துக்கொண்டு போனாலும் முடிக்கப் பத்தொன்பது வருசம் எடுக்கும். ஆகவே எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது அழகு பார்க்கிற வேலை கிடையாது. கண்ணில் படாத பொதி, இல்லாத பொதிக்குச் சமம்.

டெபியனின் பழைய முறை பிரிவுகள். ஏறத்தாழ அறுபது பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பொதிக்கு ஒரு பிரிவுதான். பொதியைக் கட்டுகிறவர் ஒரு பிரிவைப் பிரேரிக்கலாம். கடைசி முடிவு களஞ்சியத்தைப் பராமரிக்கிற குழுவிடம். அந்த அறுபதின் பெயர்களையும் ஆறுதலாக இருந்து வாசித்துப் பாருங்கள். ஒரு சமூகத்தின் வரலாறு தெரியும். அமெச்சூர் வானொலிக்காரருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் பேர்போன ஸோப் என்ற இணையச் செயலிக்கும் தனிப் பிரிவு. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேள்விப்பட்ட இருபது வயதுக்காரரைக் காண்பது கஷ்டம். "செய்தி" என்றும் ஒன்று உண்டு. திறந்து பார்த்தால், அது யூஸ்நெற் காலத்துச் செய்திக் குழுக்களுக்கானது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. பேர்ள், பைதன், ரூபி, ரஸ்ட், ஹாஸ்கெல், லிஸ்ப், ஜாவா, பிஎச்பி என்று நிரல்மொழிகளுக்கு மட்டும் பத்துக்கு மேல் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனி அறை. மனிசர் கதைக்கிற மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து "உள்ளூராக்கம்" என்று ஒரே அறை. தமிழும் தாய்லாந்து மொழியும் துருக்கியும் அதற்குள்தான் பாய் விரிக்க வேண்டும். யாரும் எங்களை ஒதுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்த வேலை இது என்று நாங்கள் சொல்லவில்லை. நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்காகக் கட்டிய வீடு. அதில் பட்டறை பெரிதாகவும் விறாந்தை சின்னனாகவும் இருப்பதில் அதிசயமில்லை.

அந்த ஒரே அறைக்குள்ளாவது தமிழ் முழுசாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. பயர்பொக்ஸின் தமிழ் இடைமுகமும் லிப்ரே ஒபிஸின் தமிழ் இடைமுகமும் உள்ளூராக்கத்தில். லோகித், சம்யக் போன்ற தமிழ் எழுத்துருக்கள் எழுத்துருப் பிரிவில். டெசராக்ட்டின் தமிழ்த் தரவு வரைகலையில். விசைப்பலகையின் கதை இன்னும் மோசம். இலங்கையில் நாங்கள் பாவிக்கிற ரெங்கநாதன் விசைப்பலகை டெபியனில் இருக்கிறது. ஆனால் அதை எடுத்து வருகிற பொதியின் பெயர் "ஐபஸ்-எம்17என்". எம்முக்கும் என்னுக்கும் இடையில் பதினேழு எழுத்து இருக்கிற ஒரு நீண்ட ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாம். பன்மொழியாக்கம் என்று பொருள். தமிழும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, ரெங்கநாதனும் இல்லை. இதை ஒருவர் சொல்லித் தராமல் தானாகக் கண்டுபிடித்த ஆளை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

நூலகத்தில் கொஞ்சமாவது புழங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் பழசு. எங்கட பாடசாலை நூலகங்களில் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கிற எண் அநேகமாக டூயியின் தசமப் பகுப்பு. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்டது. இலக்கியத்துக்கு 800. ஆங்கில இலக்கியம் 820, ஜெர்மன் 830, பிரெஞ்சு 840. 890க்கு வந்தால் "ஏனைய மொழி இலக்கியங்கள்". தமிழ் இலக்கியம் 894.811. இரண்டாயிரம் வருசப் பெருமை கதைக்கிற நாங்கள் "ஏனையவை"க்குள், அதுவும் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் தள்ளி நிற்கிறோம். சமயத்துக்கும் இதே கதைதான்: 200களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு, மிச்ச சமயங்கள் எல்லாம் 290க்குள் நெருக்கி. 1876இல் ஒரு அமெரிக்கக் கல்லூரி நூலகத்தில் நின்று பார்த்தால் உலகம் அப்படித்தான் தெரிந்திருக்கும். அந்த நூலகம் எங்கேயோ இருக்க, அந்த எண்கள் எங்கட அலுமாரி வரைக்கும் வந்துவிட்டன.

டூயியின் முறைக்குள் இருக்கிற அடிப்படைச் சிக்கலை நேராகப் பிடித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். (விசைப்பலகை ரெங்கநாதன் வேற ஆள். இந்தத் துறையில் ஒரே பெயர் இப்படித் துரத்துகிறது.) கணித விரிவுரையாளராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, படிப்பதற்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டு, சின்னச் சின்னத் துண்டுகளைப் பூட்டி விரும்பியதைக் கட்டலாம் என்றால் புத்தகப் பகுப்பையும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று யோசித்தார் என்று சொல்வார்கள். 1933இல் அவருடைய கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. ஒரு புத்தகத்தை ஆயத்தமாக இருக்கிற ஒரு பெட்டிக்குள் திணிக்காமல், அதனிடம் பல கேள்விகள் கேட்பதுதான் அதன் சாரம். எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். ஒவ்வொரு கேள்விக்கும் வருகிற விடை ஒரு முகம். முகங்களைக் கோலன் முதலிய குறிகளால் பூட்டினால் புத்தகத்தின் முகவரி வந்துவிடும்.

நூலகங்கள் இதை எதிர்பார்த்த அளவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் சாதாரணமானது: புத்தகம் கையில் பிடிக்கிற சாமான். எத்தனை முகம் இருந்தாலும் கடைசியில் ஒரு றாக்கையில்தான் நிற்க முடியும். கணினியில் அந்தத் தடை கிடையாது. ஒரு பொதியை இருபது பெயரில் கூப்பிடலாம். ஒவ்வொரு பெயருக்கும் அது வந்து நிற்கும்.

இதைக் கண்டுதான் 2000களின் தொடக்கத்தில் டெபியன் உருவாக்குநர் என்ரிக்கோ சீனி டெப்டாக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அடிப்படை ரங்கநாதனின் முகப்புப் பகுப்பேதான். ஒரு பொதியிடம் கேட்கிற கேள்விகள் மட்டும் வேறு. இது ஓடுகிற மென்பொருளா, வெறும் தரவா? எந்த நிரல்மொழியில் எழுதியது? கட்டளைவரியா, சாளரமா? எந்த வகைக் கோப்போடு வேலை செய்யும்? எந்தத் துறைக்கு, என்ன பயனுக்கு? இவற்றோடு "பண்பாடு" என்றும் ஒரு முகம் வைத்தார்கள். அந்த முகத்தின் கீழ் தமிழ் இருக்கிறது! புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் தள்ளி நிற்கவில்லை. ஜெர்மனும் ஜப்பானும் இருக்கிற அதே வரிசையில் சமமாக. இந்த முறைப்படி டெசராக்ட்டின் தமிழ்த் தரவு வரைகலைக்குள்ளும் நிற்கலாம், தமிழுக்குள்ளும் நிற்கலாம், எழுத்தறிதல் என்ற பயனுக்குள்ளும் நிற்கலாம். எங்கட சனிக்கிழமைச் சண்டைக்குத் தேவையே இருந்திருக்காது.

இது முதலில் விளங்கியபோது எங்களுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லத் தேவையில்லை. சீர்காழிக்காரர் ஒருவரின் யோசனை இத்தாலிக்காரர் ஒருவரின் கை வழியாக எங்கட நிலையத்துக் கணினி வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் சந்தோசம் கனநேரம் நிற்கவில்லை. டெப்டாக்ஸில் "இன்னும் குறியிடப்படவில்லை" என்பதற்கும் ஒரு குறிச்சொல் வைத்திருக்கிறார்கள். அதை ஏன் வைக்க வேண்டி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பொதியை ஒரு பிரிவுக்குள் போடுவது கட்டாயம். போடாவிட்டால் களஞ்சியத்துக்குள் வராது. குறிச்சொல் போடுவது விருப்பம். விருப்பமான வேலையைச் செய்ய ஆள் வேண்டும். ஆயிரக்கணக்கில் புதுப் பொதிகள் வந்துகொண்டே இருக்க, ஒவ்வொன்றையும் திறந்து, விளங்கி, ஏழெட்டுக் கேள்விக்கு விடை எழுத யார் இருக்கிறார்கள்? நிரல் எழுதினால் பெயர் வரும். பகுத்து அடுக்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கலியாண வீட்டில் சமைக்க ஆள் இருக்கும், சட்டி கழுவ ஆள் இருக்காது.

வேறு களஞ்சியங்கள் இந்த ஆள் பிரச்சினைக்கு வேறு வழி தேடின. பைதன் மொழியின் பைபிஐ களஞ்சியத்தில் பொதியை எழுதியவரே வகைகளைத் தெரிந்து போடுகிறார். ஆனால் வகைகளின் பட்டியல் முதலே தீர்மானிக்கப்பட்டது. நீங்களாக ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டால் ஏற்காது. அந்தப் பட்டியலில் மனித மொழி என்று ஒரு கிளை இருக்கிறது, அதில் தமிழும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம் களஞ்சியத்தில் இன்னும் தாராளம். எந்தச் சொல்லையும் திறவுச்சொல்லாகப் போடலாம், கேட்பார் இல்லை. சுதந்திரம்தான், ஆனால் எங்கட மொழியின் பெயரையே ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று பாருங்கள். ஒருவர் "த"வுக்கு ஒரு எழுத்து, இன்னொருவர் இரண்டு. "ழ" வந்துவிட்டால் ஆளாளுக்கு ஒன்று. ஒரே பொருள் நாலு லாச்சிக்குள் சிதறிப்போய், ஒன்றைத் திறந்தவருக்கு மற்ற மூன்றும் இருப்பதே தெரியாமல் போகும்.

ஆகவே எங்களுக்குப் பிடித்தது பைபிஐயின் நடுவழி. சொற்களைக் கூடியிருந்து தீர்மானிக்க வேண்டும். போடுகிற வேலையைப் பொதியை அறிந்தவர் செய்ய வேண்டும். பிறகு வேறு யாராவது சரிபார்க்க வேண்டும். கடைசிப் பகுதிதான் எல்லா இடத்திலும் விடுபட்டுப் போகிறது.

"இப்ப யார் தம்பி பிரிவு பார்த்துத் தேடுறாங்கள்? தேடல் பெட்டியில அடிச்சால் வருமே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரி, அடித்துப் பாருங்கள். தேடல் பெட்டி பொதியின் பெயரிலும் விவரத்திலும் இருக்கிற சொற்களைத்தான் பார்க்கும். விவரங்கள் அநேகமாக ஆங்கிலத்தில். நாங்கள் "தமிழ்" என்று தமிழில் அடித்தபோது எங்கட களஞ்சியம் வெறுங்கையை விரித்தது. ஆங்கிலத்தில் அடித்தால் எழுத்துருக்கள் வரும், எம்17என் வராது. தேடல், பெயர் தெரிந்த சாமானை எடுக்க நல்லது. இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறதே தெரியாதவருக்கு அது எதுவும் செய்யாது. எங்கட தங்கச்சிக்குத் தெரியாமல் போனது டெசராக்ட்டின் பெயர் மட்டுமில்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்க ஏலும் என்பதே அவளுக்குப் புதிது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமே என்பது அடுத்த வாதம். கேட்கலாம், நாங்களும் கேட்கிறோம். ஆனால் அது சில நேரம் இல்லாத பொதியின் பெயரை நல்ல நம்பிக்கையோடு சொல்லிவிடும். அப்படிக் கற்பனையாக வருகிற பெயர்களில் யாராவது நச்சு நிரலை உண்மையாகவே ஏற்றி வைத்துக் காத்திருக்கலாம் என்று பாதுகாப்புத் துறையினர் எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பொதி ஏற்றக்கூடிய களஞ்சியங்களில் இது விளையாட்டில்லை.

பிரிவு என்பது வெறும் அடுக்கு வேலை என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கதை. டெபியன் 1997இலேயே தன் சமூக ஒப்பந்தத்தை எழுதி வைத்தது. அதன்படி சுதந்திர மென்பொருள் மட்டும் பிரதான களஞ்சியத்துக்குள். மற்றவை "சுதந்திரமற்றவை" என்ற வேறு பகுதிக்குள். கொள்கையாகப் பார்த்தால் நாங்கள் கை தட்டுகிறோம். நடைமுறையில் என்ன நடந்தது? அநேக லப்டொப்களின் வைஃபை வேலை செய்ய, அந்தச் சிப்பைச் செய்த கம்பனி தருகிற ஒரு சின்ன நிலைபொருள் கோப்பு வேண்டும். அது சுதந்திரமற்றது. ஆகவே உத்தியோகபூர்வ நிறுவல் தட்டில் இல்லை. வைஃபை இல்லாமல் அந்தக் கோப்பை இறக்கவும் ஏலாது. திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. நிலைபொருள் சேர்த்த இன்னொரு தட்டு இருந்தது, உத்தியோகப்பற்றற்றது என்ற பெயரோடு; விசயம் தெரிந்தவர் மட்டும் தேடிப் போகிற இடத்தில்.

எங்களில் இரண்டு பேர் சில வருசத்துக்கு முன் டெபியனைப் போட்டுப் பார்த்து, வைஃபை வராமல், "இது எங்களுக்குச் சரிவராது" என்று விட்டவர்கள். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நிலைபொருளுக்கு மட்டும் தனிப் பகுதி ஒன்றைப் பிரித்து, அதை உத்தியோகபூர்வத் தட்டில் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் இருந்து அப்படித்தான். மென்பொருளில் ஒரு வரி மாறவில்லை. சிப் மாறவில்லை. லாச்சி மாறியது, எங்கட ஆட்கள் திரும்பி வந்தார்கள். கொள்கையைக் கைவிட்டார்கள் என்று கோபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமில்லாதது என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே கொள்கையைக் காப்பாற்றுவதில் என்ன வெற்றி என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு வழியும் டெபியனுக்குள் இருக்கிறது. பொதிகளை இடம் மாற்றாமல், ஒரு தேவைக்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கிக் கட்டுவது. உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பொதி. ஆனால் அதை நிறுவினால் அது சொல்கிற மற்றப் பொதிகள் எல்லாம் சேர்ந்து வரும். பலசரக்குக் கடையில் சித்திரைக்குக் கட்டி வைக்கிற பொங்கல் சாமான் பை மாதிரி. டெபியன் எடு, டெபியன் மெட் போன்றவை பாடசாலைக்கும் மருத்துவத்துறைக்கும் அப்படித்தான் கட்டுகின்றன. தமிழுக்கும் அப்படி ஒரு கட்டு இருக்கிறது என்பதை இந்தச் சண்டைக்குப் பிறகுதான் அறிந்தோம். நிறுவுகிற நேரத்தில் மொழி தமிழ் என்று தெரிந்தால் அது தானாக வந்து இறங்கும். எங்கட ஆறு கணினியிலும் நாங்கள் என்ன தெரிந்தோம்? ஆங்கிலம். பிழை வந்தால் கூகிளில் தேட லேசு என்று. உங்களில் எத்தனை பேர் வேறு மாதிரிச் செய்திருப்பீர்கள்? ஆங்கிலத்தில் கணினி பாவித்துக்கொண்டு தமிழில் எழுதுகிற ஆள் என்ற வகை, அந்தக் கட்டைக் கட்டியவர்களின் கணக்கில் இல்லை. இங்கே நாங்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

ஆகவே எங்கட நிலைப்பாட்டை நேராகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்க் கணிமை என்றால் புதுச் செயலி செய்வது, புது எழுத்துரு செய்வது என்றே எங்கட தலைமுறை நினைக்கிறது. போட்டிகளும் அதற்குத்தான், பரிசும் அதற்குத்தான். செய்து முடித்தவை பல, கண்ணில் படாமல் கிடக்கின்றன. அவற்றுக்குக் குறிச்சொல் போடுவது, விவரத்தைத் தமிழில் எழுதுவது, பிழையான பிரிவில் கிடந்தால் மாற்றச் சொல்லி வழு அறிக்கை அனுப்புவது, இவற்றுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. டெபியனில் பொதி விவரங்களை மொழிபெயர்ப்பதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. மொழி தெரிந்த, பொறுமை இருக்கிற எவரும் செய்யலாம். தமிழ் படித்த, நூலகவியல் படித்த எங்கட ஆட்கள் இதற்குள் வராமல் இருப்பதற்கு, அவர்களை யாரும் கூப்பிடாததைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். ஒரு நூலை ஆசிரியர் வழியாகவும் போகலாம், பதிப்பகம் வழியாகவும் போகலாம், வெளிவந்த ஆண்டு வழியாகவும் போகலாம். யாரோ ஒருவர் ஒவ்வொரு நூலுக்கும் இருந்து அதைப் பதிந்திருக்கிறார். மென்பொருளுக்கும் அதே வேலைதான்.

நிலையத்துப் பட்டியலை மாற்றிவிட்டோம். பழையதைக் கிழித்துவிட்டு, புதிதை அந்தத் தங்கச்சியையே எழுதச் சொன்னோம். அவள் டெபியனின் ஒரு பிரிவையும் எடுக்கவில்லை. நிலையத்துக்கு வருகிறவர்கள் என்ன கேட்டு வருகிறார்களோ அதையே தலைப்பாக்கினாள். "தமிழில் டைப் அடிக்க" என்றதன் கீழ் எம்17என்னும் எழுத்துருக்களும். "பழைய புத்தகத்தை எழுத்தாக்க" என்றதன் கீழ் டெசராக்ட். அதே டெசராக்ட் "ஸ்கான்" என்றதன் கீழும், "ரியூசன் நோட்ஸ்" என்றதன் கீழும் வருகிறது. ஒரே சாமானை மூன்று இடத்தில் எழுதினால் தாள் வீண் என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். தாள் அவள் காசில் வாங்கியது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

ஒன்பது பொதிகளுக்கு இன்னும் இடம் தெரியவில்லை. ஏன் இறக்கினோம் என்பதே மறந்துபோனவை. அவற்றை "ஏனையவை" என்று போடலாம் என்றோம், அவள் விடவில்லை. "இன்னும் பார்க்காதவை" என்று எழுதி, பக்கத்தில் பேனையையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். போன கிழமை யாரோ இரண்டுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து விளங்கவில்லை. பத்திரிகை வாசிக்க வருகிற ஐயாவில்தான் சந்தேகம்.